சேஞ்ச் வேறு, எக்ஸ்சேஞ்ச் வேறு

ஜூன் 9, திங்கள்

விடியும் முன்பே மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. தையல் மிஷின் ஓடவில்லை. தைக்க வேண்டிய ப்ளவுஸ் எல்லாம் அப்படியே கிடக்கிறது.

புதுக்கடை பஜாருக்குப் போக வேண்டிய வேலை. இவருக்குச் சட்டை. பட்டன் வைத்தது இனி சரிப்படாது, வலது கை தொங்கிக்கொண்டு கிடக்கிறது. டிக் பட்டன் வைத்தது கிடைத்தால் நல்லது. வீட்டில் உடுத்தச் சாரம் இரண்டு. எலாஸ்டிக் நிக்கர்.

ஆட்டோவில் இவரையும் கூட்டிப்போனேன். வீட்டில் தனியாக விட முடியாது, மகள் ரெஜிக்குக் காலேஜ். நல்ல பிள்ளை, விடியற்காலையில் எழுந்து சோறும் கறியும் வைத்துவிட்டு ஓடுகிறாள்.

துணிக்கடையில் நல்ல கூட்டம். பள்ளிக்கூடம் திறந்த நேரம், எல்லாரும் யூனிஃபார்ம் வாங்க. இவரை ஒரு ஸ்டூலில் இருத்திவிட்டு நான் சாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு சின்னச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

அப்போது கேட்டது.

"வாட் சைஸ் ஆர் யூ லுக்கிங் ஃபார், மேடம்?"

நல்ல தெளிவான ஆண் குரல். முதலில் ரேடியோ என்று நினைத்தேன். திரும்பினால் இவர். ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, ஊன்றுகம்பை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார். இடது கையை இடுப்புப் பக்கம் மரியாதையாக வைத்திருக்கிறார்.

"அக்கா, மாமா இங்கிலீஷ் பேசுதாரு!" என்று கடைப்பெண் சிரித்தாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

நவம்பரில் குவைத்தில் வேலை பார்த்த ரெடிமேட் கடையிலேயே விழுந்தவர். மூளையில் ரத்தக் கட்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வீல்சேரில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை வாயில் ஒரு சொல் கிடையாது. "தெ... தெ..." அவ்வளவுதான். ஜெஸிந்தா என்ற என் பெயரில் ஒரு எழுத்துகூட வரவில்லை. பெற்ற மகளின் பெயரும் வரவில்லை.

சாரம் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். ஆட்டோவில் "என்னைப் பாருங்க, ஏதாவது சொல்லுங்க" என்று எத்தனை முறை கேட்டேனோ. "தெ... தெ..."

வாங்கியது: ஒன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

நாகர்கோவில். பேச்சுப் பயிற்சி தரும் மேடத்திடம் காட்டினேன். ரெஜி வயதை விடக் கொஞ்சம்தான் கூடுதல் இருக்கும். பொறுமையான பெண்.

திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னேன். மேஜை டிராயரில் இருந்து ஒரு சட்டையை எடுத்து (அவர்களுடைய சொந்தச் சட்டையாக இருக்கும், இஸ்திரி போட்டது) இவர் முன்னால் வைத்து, "ஹவ் மச் இஸ் இட்?" என்று கேட்டார்கள். இவர் உடனே விலை சொன்னார். இங்கிலீஷில். குவைத் தினாரில். "வெரி குட் குவாலிட்டி, மேடம்" என்று சேர்த்துக்கொண்டார்.

நான் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மேடம் சொன்னது, மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். தினமும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன வரிகள் சிலருக்கு இந்த நோயிலும் அழியாது. சிலருக்கு ஜெபம் தங்கும். சிலருக்குப் பாட்டு. சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும். "இவருக்குக் கடை தங்கியிருக்கு."

"அப்பம், தமிழ் வராதா?"

"வரலாம். வராமலும் போகலாம். இப்ப எந்தக் கதவு திறந்திருக்கோ அதுல போவோம். வீட்டுல கடை வச்சு விளையாடுங்க. நீங்க வாங்குறவங்க, அவர் விக்கிறவர்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே. ப்ளஸ் டூ தமிழ்ல படிச்சவ."

"கத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. சொல்றதெல்லாம் புரிஞ்சுதான் சொல்றார்னு நினைக்காதீங்க. ஒரு வரியை இழுத்தா அடுத்த வரி தானா வரும். அது பேச்சில்ல. அந்த வரியை அவர் வேற ஒரு காரியத்துக்கு எடுத்தார்னா உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்க. அதுதான் பேச்சு."

வீட்டுக்கு வந்து ஜெபமாலை சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. வாய் அசையவில்லை. சின்ன வயதில் கோயிலில் பாடகர் குழுவில் இருந்த மனிதர்.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டுவிட்டு. ரெஜிக்கு லீவு, ஏதோ ஸ்ட்ரைக்.

கடை போட்டோம். டைனிங் டேபிளில்: சட்டை மூன்று, சோப்பு, சீப்பு, என் சுங்குடிச் சேலை, ரெஜியின் சுரிதார், இவர் கொண்டு வந்த சென்ட் பாட்டில் ஒன்று.

நான் போய் நின்று, "ஹவ் மச் ப்ரைஸ்?" என்றேன்.

இவர் முகம் சுளித்தார். உடம்பு சரியில்லாமல் போன பிறகு இந்த முகச்சுளிப்பை இன்றுதான் பார்க்கிறேன். தலையை ஆட்டி, "ஹவ் மச் இஸ் இட்" என்றார், ஒவ்வொரு சொல்லாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ரெஜி கைதட்டினாள். "யம்மா, அப்பா உங்களைத் திருத்துதாரு!"

அதன்பிறகு பகல் முழுக்க அதுதான். நான் தப்பாகச் சொன்னதும் இவர் முகம் சுளிப்பதும். ஏன் தப்பு என்று ரெஜி விளக்குவதும்.

"திஸ் ப்ரைஸ் இஸ் காஸ்ட்லி" தப்பு. பொருள்தான் காஸ்ட்லி. விலை என்றால் ஹை.

"ஐ ஆம் ஜஸ்ட் சீயிங்" தப்பு. லுக்கிங்.

ஃபிட் என்றால் அளவு. சூட் என்றால் உடம்புக்கு எடுப்பாக இருப்பது. ஒரு சட்டை ஃபிட் ஆகும், சூட் ஆகாது. மறுபடியும் மறுபடியும் குழம்பினேன்.

சேஞ்ச் சில்லறை. எக்ஸ்சேஞ்ச் ஒன்றைக் கொடுத்து இன்னொன்று வாங்குவது. ரீஃபண்ட் பணமாகவே திருப்பி வாங்குவது.

"கோயிங் ஃபார் ஷாப்பிங்" தப்பாம். கோயிங் ஷாப்பிங். ஊரெல்லாம் அப்படித்தானே சொல்கிறோம் என்றேன். "ஊரெல்லாம் தப்பாத்தான்மா சொல்லுது" என்றாள்.

கடைசியில் சுங்குடிச் சேலையைத் தோளில் போட்டு, "டஸ் இட் சூட் மீ?" என்று கேட்டேன். சரியாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. முகம் சுளிக்கவில்லை. "வெரி நைஸ் ஆன் யூ, மேடம்" என்றார்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் உடுத்தது நன்றாக இருக்கிறது என்று இவர் வாயால் கேட்டது இதுதான் முதல். அதுவும் இன்னொருத்திக்குச் சொன்னது, எத்தனையோ பேருக்குச் சொன்னது. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 14, சனி

இவருடைய தம்பி லூர்து வந்திருந்தான். விஷயம் ஊரில் பரவிவிட்டது.

"மயினி, ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது. தமிழு வராது, இங்கிலீஷு மட்டும் வருமா? இது எங்கயாவது உள்ளதா?"

"டாக்டர் சொல்லுதாங்க."

"டாக்டர் ஆயிரம் பறைவான். அண்ணன் நம்மளை வேண்டாம்னு வச்சிருக்காரு. அங்கயே கிடந்து பழகிப்போச்சு. இங்க உள்ளவங்கிட்ட பேச மனசில்ல, அவ்வளவுதான்."

இவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். லூர்துவைப் பார்த்து, "எனிதிங் எல்ஸ், சார்?" என்றார்.

லூர்துவுக்கு முகம் செத்துப்போயிற்று. சாயா குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

மத்தியானம் ஜன்னலில் தெருப்பிள்ளைகள். "அங்கிள், ஹவ் மச்?" ஒருவன் செருப்பைத் தூக்கிக் காட்டுகிறான். இவர் விலை சொல்கிறார். இன்னொருவன் நாய்க்குட்டியைத் தூக்கிக் காட்டுகிறான். அதற்கும் விலை. சிரிப்பு. பிள்ளைகளுக்குப் பின்னால் பெரியவர்களும் நின்றார்கள், அதுதான் பொறுக்கவில்லை.

ஜன்னலைச் சாத்தினேன். உள்ளே இருட்டு, புழுக்கம். சாத்திய ஜன்னலைப் பார்த்து இவர், "தேங்க் யூ, கம் அகெய்ன்" என்றார்.

நான் அடுக்களைக்குள் போய் ஒரு தட்டைத் தரையில் போட்டு உடைத்தேன். பிறகு நானே பொறுக்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

மேடத்துக்கு ஃபோன் பண்ணினேன். மூன்று விஷயம் சொன்னேன்.

ஒன்று. காலையில் படுக்கை நனைந்திருந்தது. நான் பார்க்கவில்லை. இவர் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, "எக்ஸ்சேஞ்ச், ப்ளீஸ்" என்றார். சேஞ்ச் என்று சொல்லவில்லை. சரியாக, எக்ஸ்சேஞ்ச்.

இரண்டு. கஞ்சி கொடுத்தபோது வேண்டாம் என்பதற்கு, "நோ தேங்க்ஸ், ஜஸ்ட் லுக்கிங்." அது வாங்க வருகிறவர் சொல்லும் வரி. விற்கிறவர் சொல்வது இல்லை. அதையும் கேட்டுக் கேட்டு வைத்திருக்கிறார்.

மேடம் ஃபோனிலேயே சத்தம் போட்டுச் சந்தோஷப்பட்டார்கள். "அக்கா, இது பேச்சு! அவருக்குள்ள என்ன தோணுதோ, அதுக்குப் பக்கத்துல உள்ள சொல்லைத் தேடி எடுக்கிறார். தேடுறார் பாருங்க!"

மூன்றாவதையும் சொன்னேன்.

குளிக்க வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். வலது கையைத் தூக்கித் துடைக்கும்போது இவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கையால் அதைத் தொட்டுக் காட்டி, "டேமேஜ் பீஸ்" என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்த்து, இன்னும் மெதுவாக, "சாரி, மேடம். டேமேஜ் பீஸ்."

அதற்குப் பதில் சொல்ல இங்கிலீஷில் வரி இருக்கிறதா? காலேஜ் விட்டு வந்த ரெஜியிடம் கேட்டேன். டேமேஜ் பீஸ் என்று கடைக்காரர் சொன்னால் வாங்குகிறவள் பரவாயில்லை என்பதை எப்படிச் சொல்வாள்?

"எதுக்கும்மா?"

சொன்னேன். பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். அழுது முடித்து முகம் கழுவி வந்து சொல்லித் தந்தாள்.

போய்ச் சொன்னேன். "ஐ வில் டேக் இட்."

புரிந்ததா தெரியாது. தலையை மட்டும் ஆட்டினார்.

ஜூன் 19, வியாழன்

ப்ளவுஸ் நான்கு முடித்தேன். முதுகு வலி. தேங்காய் தீர்ந்தது. இவருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும்.

குலசேகரத்திலிருந்து தாசண்ணன் வந்திருந்தார். குவைத்தில் இவரோடு அதே கடையில், அதே ரூமில் இருந்தவர். லீவுக்கு வந்தவர் பார்க்க வந்தார். இவர் கைகொடுத்து, "வெல்கம், சார்" என்றார். தாசண்ணன் சிரித்துக்கொண்டே அழுதார்.

இவர் என்னைத் திருத்துவதைச் சொன்னேன். ஒரு சொல் தப்பினாலும் விடமாட்டேன் என்கிறாரே, அங்கேயும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"அவன் உங்கிட்ட பறையவே இல்லியா தங்கச்சி?"

"என்ன?"

தாசண்ணன் இவரை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்.

"வந்த புதுசு. அவனுக்கு அப்பம் இங்கிலீஷ் ஒரு வாக்கு தெரியாது. 'ஃபார் யூ, சீப்'னு சொல்லணும்னு நான்தான் படிச்சுக் குடுத்தேன். உங்களுக்காக வெல கொறச்சுத் தாறேன்னு அர்த்தம். ஒரு பெரிய வீட்டுப் பொம்பள வந்தா. இவன் பயத்துல, 'யூ ஆர் சீப், மேடம்'னுட்டான். நீ மட்டமானவள்னு ஆயிப்போச்சு."

"ஐயோ."

"அவ போட்ட சத்தத்துல மொதலாளி ஓடி வந்தான். கடையில உள்ள எல்லாரையும் கூட்டி, இவனை நடுவுல நிறுத்தி மன்னிப்பு கேக்கச் சொன்னான். கேக்கதுக்கும் இவனுக்கு வாக்கு தெரியாதே. கைகூப்பிட்டு நின்னான். கண்ணுல இருந்து வெள்ளம் வடியுது. அவ பைக்கட்டைத் தூக்கி இவன் மொகத்துல எறிஞ்சா. பொறவு இவனைக் கோடவுன்ல போட்டாங்க. ஏசி கிடையாது. அந்தச் சூட்டுல துணிக்கட்டு சுமக்கணும். அந்தக் கோடை முழுக்க அங்கதான்."

நான் இவரைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் பொறவுதான் தங்கச்சி, ஒரு இங்கிலீஷ் புக் வாங்கி, ராத்திரி பாத்ரூம்ல நின்னு படிப்பான். ரூம்ல படிச்சா மத்தவன் ஏசுவான்லா. ஒரு வரியை நூறு மட்டம் சொல்லுவான். 'ஒரு வாக்கு இடம் மாறிச்சுன்னா நம்ம சோறு போவும்டே'ன்னு எனக்கும் சொல்லுவான். கடைசியில புதுசா வாற பயலுவளுக்கு அவன்தான் படிச்சுக் குடுத்தான்."

அப்போது இவர் பேசினார். சுவரைப் பார்த்தபடியே, தெளிவாக, ஒரு சொல் பிசகாமல்.

"ஐ ஆம் வெரி சாரி, மேடம். இட் வாஸ் மை மிஸ்டேக்."

தாசண்ணன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அந்தக் கோடையில் இவர் ஃபோனில் சொன்னது எனக்கு ஓர்மை இருக்கிறது. "கடையில ஸ்டாக் எடுப்பு. நல்ல வேலை. சுகமா இருக்கேன்."

ஜூன் 20, வெள்ளி

தூக்கம் சரியில்லை. காலையில் கோயிலுக்குப் போகவில்லை.

ஒரு காரியம் கேட்காமல் வைத்திருந்தேன். பயம்தான். இன்று கேட்டேன். ரெஜியிடம் சரிபார்த்துக்கொண்டுதான்.

எதிரில் உட்கார்ந்து, "ஹூ ஆம் ஐ?"

நெடுநேரம் பார்த்தார். என் முகத்தில் எதையோ தேடுகிறார். புருவம் நெரிகிறது, வாய் கோணுகிறது. "தெ... தெ..." மறுபடியும் தேடுகிறார். நெற்றியில் வியர்வை. போதும் விடுங்கள் என்று சொல்லப்போனேன்.

"ரெகுலர் கஸ்டமர்" என்றார்.

சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. ரெஜி பயந்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

மேடத்திடம் சொன்னபோது, "அக்கா, வெறும் கஸ்டமர்னு சொல்லலையே. அவருக்குத் தெரிஞ்ச கடையில தினமும் வர்றவங்களுக்கு அதுதான் பேர். வச்சிருக்கிறதுலேயே நல்ல சொல்லை எடுத்துத் தந்திருக்கார்" என்றார்கள்.

இருக்கலாம். நான் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போனவர். கணக்குப் பார்த்தால் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாளைவிட அந்தக் கடையில் நின்ற நாள்தான் கூடுதல். நான் யார் அவருக்கு?

சாயங்காலம் மீன் வாங்கினேன். சாளை. முள் எடுத்துக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டார்.

ஜூன் 23, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரெஜியின் பேனா.

காலையில் நல்ல வெயில். பல நாளைக்குப் பிறகு. துணியெல்லாம் காயப்போட்டேன். இவரை வாசல் பக்கம் நாற்காலியில் இருத்தி இட்லி கொடுத்தேன்.

"வீ ஆர் க்ளோசிங், சார்" என்றார்.

கடை விளையாட்டு என்று நினைத்து, "ஓகே, டுமாரோ" என்றேன். முகம் சுளித்தார். ஆனால் திருத்தவில்லை. மறுபடியும், "க்ளோசிங். க்ளோசிங்."

தட்டைப் பார்த்தேன். இடது பக்கம் இருந்த இட்லியைத் தின்றிருக்கிறார். வலது பக்கம் இருந்தது அப்படியே. சட்னியும் வலது பக்கம், தொடவில்லை. "இன்னும் இருக்கே, தின்னுங்க" என்றேன். தட்டைத் தடவுகிறார்.

பிறகு, "லைட்ஸ், ப்ளீஸ். ஸ்விட்ச் ஆன் த லைட்ஸ்."

முகத்தில் வெயில் அடிக்கிறது. வெயிலில் உட்கார்ந்துகொண்டு லைட்டைப் போடச் சொல்கிறார்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மேடம் சொன்னது. வரியை வேற காரியத்துக்கு எடுத்தால் அது பேச்சு. இவர் ஒரு சொல்லைத் தப்பான இடத்தில் வைக்கிற ஆள் இல்லை. க்ளோஸ்ட் என்று சொல்லவில்லை. க்ளோசிங். இப்போது மூடிக்கொண்டிருக்கிறது.

வலது பக்கம் போய் நின்று கையை ஆட்டினேன். பார்க்கவில்லை. இடது பக்கம் வந்தேன். பார்த்தார்.

லூர்துவுக்குத்தான் ஃபோன் பண்ணினேன். வேறு யாருக்குப் பண்ண? என்ன ஏது என்று கேட்கவில்லை. சட்டைகூடப் போடாமல் காரைக் கொண்டு வந்தான். இவரை இரண்டு கையிலும் பிள்ளையைப்போலத் தூக்கினான். வழி முழுக்க, "அண்ணா, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

ட்யூட்டி டாக்டர் இவரிடம், "ஐயா, என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"வீ ஆர் க்ளோசிங் நவ், சார்."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கேலி செய்கிறார் என்று நினைத்திருப்பார். நான் மூச்சுவிடாமல் சொன்னேன். கடை, இங்கிலீஷ், தட்டில் இருந்த இட்லி, லைட், வலது பக்கம். அவர் டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்துப் பார்த்துவிட்டு யாரையோ கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்.

பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டு. நேரத்துக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, மற்றது போகப் போகத்தான் தெரியும் என்றார்கள்.

ஜூன் 25, புதன்

ஐசியு. உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாக ஒரு பாதம் தெரிகிறது. இவருடையதுதானா தெரியாது.

வாங்க வேண்டியது: டயப்பர் பெரியது. பஞ்சு. தண்ணீர் பாட்டில். ரெஜிக்குச் செருப்பு, வந்த அவசரத்தில் அறுந்துபோயிற்று.

லூர்து சாயா வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மயினி, அண்ணக்கி நான் பறஞ்சது..."

"விடுங்க."

"இல்ல. எங்கிட்ட 'சார்'னு சொன்னாருல்லா. அது எனக்குத் தாங்கல. எனக்க அண்ணன் என்னை சார்னு கூப்பிடுதாரு."

"அவருக்கிட்ட இருந்தது அவ்வளவுதான், கொழுந்தனாரே. இருந்ததுல நல்லதைத்தான் தந்தாரு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

ஜூன் 27, வெள்ளி

வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலோரக் கட்டில். வெளியே மழை.

கண் திறந்திருக்கிறார். இடது கை அசைகிறது. வாய் இல்லை. "தெ... தெ..." கூட இல்லை.

ரெஜி முதலில் முயன்றாள். "எக்ஸ்கியூஸ் மீ, ஹவ் மச் இஸ் இட்?" தன் துப்பட்டாவைக் காட்டி. ஒன்றும் இல்லை. நான் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். "ஹவ் மச் ப்ரைஸ்? திஸ் ப்ரைஸ் வெரி காஸ்ட்லி." முகம் சுளிப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். படித்த தப்பையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களைப் பார்க்கிறார்கள். சுளிக்கவில்லை.

மேடம் சாயங்காலம் வந்து பார்த்தார்கள். தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்கள். அந்தக் கதவும் இப்போது மூடியிருக்கிறது. திறக்குமா என்று கேட்டேன். பொய் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. "எனக்கு நம்பிக்கை குறைவுதான், அக்கா" என்றார்கள்.

"காதுல விழுமா?"

"விழும். எவ்வளவு புரியுதுன்னு சொல்ல முடியாது. பேசுங்க. பதிலை எதிர்பார்க்காதீங்க."

"எதுல பேச? தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?"

"உங்களுக்கு எதுல பேசணுமோ அதுல."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். இத்தனை வருடம் ஃபோனில் என்ன பேசினோம்? சாப்பிட்டீங்களா. மழை உண்டா. பிள்ளை படிக்குதா. சுகம்தானே. சுகம்தான்.

எங்கள் தமிழும் ஒரு கடைப்பேச்சுதான்.

ஜூன் 29, ஞாயிறு

பகல் பூசைக்குப் போன ரெஜி, அப்படியே வீட்டில் போய்ச் சோறு எடுத்து வருவதாகச் சொன்னாள். லூர்து கூடப் போனான். வார்டில் சத்தம் குறைவு. எதிர்க்கட்டில் காலி.

ஸ்டூலை இடது பக்கம் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் இருந்தால்தான் என்னைத் தெரியும்.

தாசண்ணன் சொன்னதையெல்லாம் நானும் கேட்டேன் என்றேன். அந்தப் பொம்பளை, மொதலாளி, கோடவுன். அதையெல்லாம் என்னிடம் சொல்லாமல் சுகமாக இருக்கிறேன் என்று சொன்னீர்களே என்றேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, நானும் சொல்லாத ஒன்று இருக்கிறது என்றேன்.

நீங்கள் முதல்முறை போனீர்களே, ரெஜி தவழ்ந்துகொண்டிருந்தாள். போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது, வயிற்றில் இன்னொன்று. சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவீர்கள் என்று பயம். கரு நன்றாக நிற்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நிற்கவில்லை. வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த நேரம். அம்மாதான் கூட இருந்தாள். பையன் என்று நர்ஸ் சொன்னாள். துணியில் பொதிந்து தந்தார்கள். நீங்கள் அன்றைக்கு ஃபோன் பண்ணினீர்கள். கடையில் ஸ்டாக் எடுப்பு என்றீர்கள். சுகமா என்று கேட்டீர்கள். சுகம் என்றேன்.

இவ்வளவும் தமிழில்தான் சொன்னேன். எதையும் சரிபார்க்கவில்லை. எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் வந்தது.

இவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அந்தக் கண் எப்போதுமே வழிந்துகொண்டுதான் இருக்கிறது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. முந்தியால் துடைத்துவிட்டேன்.

அப்போது இடது கை வந்தது. கட்டில் விளிம்பைத் தாண்டி, மெதுவாக, தடவித் தடவி. என் கையைத்தான் தேடுகிறார் என்று நினைத்து நீட்டினேன். அதைத் தள்ளிவிட்டார். சேலைக்கு மேலாக என் வயிற்றில் கையை விரித்து வைத்தார்.

வைத்தபடியே இருந்தார். சூடான கை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாப்பாட்டுப் பையோடு ரெஜி வந்து நின்றாள். எங்களைப் பார்த்தாள்.

"யம்மா? எதுக்கும்மா அழுவுதீங்க? அப்பாவுக்கு என்ன?"

இவர் கையை விலக்காமல், "இரி மக்களே" என்றேன். "உனக்கு ஒரு தம்பி உண்டாயிருந்தான்."